டேப்பட் கவருக்கடியில் வெள்ளைப் பசை

ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்துத் திருப்பிப் பார்த்தால் உள்பக்கம் தயிராடை போல ஒரு வெள்ளைப் பசை. சில வண்டிகளில் அது பால் விட்ட காப்பி நிறத்தில், விரலில் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு வரும். பழைய கார் வைத்திருப்பவருக்கு வயிற்றைக் கலக்கும் காட்சி இது. பட்டறையில் வரும் தீர்ப்பும் பெரும்பாலும் ஒன்றுதான்: “ஹெட் கேஸ்கட் போயிருச்சுங்க, ஹெட்டைக் கழட்டணும்.” அம்பாசடர், மாருதி 800 இரண்டுமே 2014-இல் உற்பத்தி நின்றுபோனவை. இத்தனை வயதான இன்ஜினில் துருவேறிய ஸ்டட் ஒன்று முறிந்தாலே வேலை இரட்டிப்பாகிவிடும். அதனால் தீர்ப்புக்கு முன்னால் விசாரணை வேண்டும் என்கிறேன். ஆயிலில் தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்பதற்கு வெள்ளைப் பசை சாட்சி. அந்தத் தண்ணீர் எந்த வழியாக வந்தது என்பதற்கு அது சாட்சியே இல்லை.

தண்ணீர் ரேடியேட்டரிலிருந்துதான் வந்தாக வேண்டும் என்பதில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. பெரும்பகுதி சைலென்சர் வழியே போய்விடும். தேய்ந்த பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் கிராங்க் கேஸுக்குள் இறங்கும். ஆயில் நன்றாகச் சூடேறினால் அதுவும் ஆவியாகி வெளியேறிவிடும். சூடேறாவிட்டால், மூடி, டேப்பட் கவர் போன்ற குளிர்ந்த இடங்களில் வியர்த்து ஆயிலோடு கடைந்துகொள்ளும். இது குளிர் நாட்டு வியாதி, அவிநாசி வெயிலுக்கு எப்படி வரும் என்று கேட்கலாம். வரும், நாமே வரவழைக்கிறோம். வண்டி சூடாகிறது என்ற புகாருக்குத் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிப் போடுவது நம் பக்கத்தில் வெகு காலமாக நடக்கும் வைத்தியம். சுமார் 80 டிகிரி வரை தண்ணீரை இன்ஜினுக்குள்ளேயே நிறுத்திச் சூடேற்றுவதுதான் அந்த வால்வின் வேலை. அது இல்லாத வண்டி வீட்டுக்கும் கடைக்குமாக இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓடி நின்றால், சித்திரையில்கூட அதன் ஆயில் வெதுவெதுப்பைத் தாண்டாது. ஆகவே மூடியில் மட்டும் பசை, டிப் ஸ்டிக்கில் ஆயில் தெளிவு, ரேடியேட்டரில் தண்ணீர் மட்டம் குறையவில்லை என்றால் கேஸ்கட்டைச் சந்தேகிக்க இன்னும் காரணம் கிடைக்கவில்லை. மூடியைத் துடைத்து, தெர்மோஸ்டாட்டை மாட்டி, சேலம் நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் விடாமல் ஓட்டிவிட்டுத் திரும்பப் பாருங்கள்.

டிப் ஸ்டிக்கிலும் காப்பி நிறம் என்றால் விஷயம் வேறு. அப்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, எது எதற்குள் போயிருக்கிறது என்பது. இன்ஜின் ஓடும்போது ஆயில் அழுத்தம் சுமார் 2 முதல் 4 பார். ரேடியேட்டர் மூடி தாங்கும் அழுத்தம் 1 பார் அளவில்தான். பழைய வண்டிகளில் அதிலும் குறைவு. எனவே ஆயில் ஓடும் துளைக்கும் தண்ணீர் ஓடும் அறைக்கும் நடுவே வழி திறந்தால், ஓட்டத்தில் ஆயில்தான் தண்ணீருக்குள் பாயும். வண்டியை நிறுத்தியதும் ஆயில் அழுத்தம் விழுந்துவிடுகிறது. சூட்டில் இருக்கும் ரேடியேட்டரில் அழுத்தம் இன்னும் கொஞ்ச நேரம் நிற்கிறது. அப்போது தண்ணீர் எதிர்த்திசையில் கசியும். ரேடியேட்டர் வாயில் ஆயில் மிதந்தால் அழுத்தமுள்ள ஆயில் பாதையை, டீசல் வண்டியானால் முதலில் ஆயில் கூலரைத்தான் பார்க்க வேண்டும். ரேடியேட்டர் சுத்தமாக இருந்து ஆயிலில் மட்டும் தண்ணீர் என்றால், அழுத்தம் இல்லாத இடத்தில் சொட்டுகிறது என்று பொருள்: டைமிங் கவர், லைனரின் ரப்பர் வளையம், விரிசல் விட்ட பிளாக், சிலிண்டருக்குள் கசியும் கேஸ்கட். முன்பு ஓட்டிய நாட்களில், காலையில் ஸ்டார்ட் பண்ணின ஓரிரு நிமிடத்திலேயே, தண்ணீர் சூடேறும் முன்பே, ஹோஸ் இறுகி ரேடியேட்டரில் குமிழி வந்திருந்தால் எரிந்த வாயு உள்ளே போகிறது. அங்கேதான் கேஸ்கட்டின் மேல் சந்தேகம் வலுக்கிறது. மூன்றும் மூன்று இடத்து வேலை. மூன்றுக்கும் ஒரே பெயர் வைத்தால் எப்படி?

ரேடியேட்டரில் தெரியும் பொய்ச் சாட்சிகளையும் சொல்ல வேண்டும். துருப் பிடிக்காமலிருக்க லேத்துக்கு விடும் கட்டிங் ஆயிலை ரேடியேட்டரில் கலக்கும் பழக்கம் உண்டு. அது தண்ணீரைப் பாலாக வெளுக்க வைக்கும். ஒழுக்கை அடைக்க மஞ்சள் தூள் போடுவார்கள். அது துருவோடு சேர்ந்து பழுப்புக் குழம்பாகும். இரண்டுமே அவசரக் கண்ணுக்கு ஆயில் கலந்த மாதிரி தெரியும். முன்பு யார் எதை ஊற்றினார்கள் என்று உரிமையாளரைக் கேட்பதும் சோதனைதான். வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டும் வண்டிகளில் கூலன்ட்டின் பச்சை நிறத்தை ஆயிலில் தேடிப் பயனில்லை. நாக்கில் வைத்துப் பார்ப்பதை அடியோடு விட்டுவிட வேண்டும். கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் விஷம்.

சோதனைகளுக்குப் பெரிய கருவி வேண்டியதில்லை. இரவெல்லாம் நின்ற வண்டியை ஸ்டார்ட் பண்ணாமல், சம்ப் போல்ட்டை இரண்டு சுற்று மட்டும் தளர்த்துங்கள். ஆயிலைவிடத் தண்ணீர் கனம். அடியில் தேங்கியிருந்தால் முதலில் அதுதான் கண்ணாடி போல வழியும், பின்னால் கறுப்பு வரும். ஆயிலோடு கடைந்துவிட்ட தண்ணீர் இப்படிப் பிரியாது. அதற்குச் சூடேறிய ஒரு பழைய தோசைக்கல் போதும். சந்தேக ஆயிலில் இரண்டு சொட்டு விட்டால், ஆயிரத்தில் ஒரு பங்கு தண்ணீர் இருந்தாலே கடுகு பொரிவது போலப் பொரியும். புது ஆயிலில் இரண்டு சொட்டைப் பக்கத்தில் விட்டு ஒப்பிட்டால் ஐயம் இராது. அடுத்தது, ரேடியேட்டர் வாயில் கைப்பம்பை மாட்டி, மூடியில் பொறித்த அழுத்தம்வரை ஏற்றிக் கால் மணி நேரம் முள்ளைக் கவனிப்பது. வெளியே எங்கும் ஈரமில்லாமல் முள் இறங்கினால் கசிவு உள்ளே. கடைசியாகக் கம்ப்ரஷன்: அடுத்தடுத்த இரண்டு சிலிண்டரில் மட்டும் அளவு விழுந்திருந்தால் அவற்றின் நடுவே கேஸ்கட் எரிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

முப்பது வருஷம் கை வைத்தவருக்குப் பார்த்தாலே தெரியாதா என்பார்கள். தெரியும், அந்த அனுபவத்தை நான் மதிக்கிறேன். ஆனால் கண் பார்ப்பது பசையைத்தான், அது வந்த வழியை அல்ல. ஹெட்டைத் தூக்கினால் எல்லாம் தெரிந்துவிடப் போகிறது என்பது அடுத்த வாதம். உண்மையில் தூக்கிய பிறகு பல தடயங்கள் அழிந்துவிடுகின்றன. ரேடியேட்டரில் அழுத்தம் ஏற்றிப் பார்க்க முடியாது. சூட்டில் மட்டும் வாய் திறக்கும் மயிரிழை விரிசல், குளிர்ந்த ஹெட்டில் மூடிக்கொண்டிருக்கும். டைமிங் கவரில் கசிந்த வண்டிக்கு ஹெட் கேஸ்கட் மாற்றினால் ஒரு மாதத்தில் அதே காப்பி நிறம் திரும்பும். ஓர் எதிர்வாதத்தை மட்டும் முழுசாக ஒப்புக்கொள்கிறேன்: சோதனை என்று வண்டியை ஓட்டிக்கொண்டே இருந்தால் கிராங்க் பேரிங் போய்விடும். தண்ணீர் கலந்த ஆயில் பேரிங்கைத் தாங்காது. கிளைக்கால் கலந்தால் அமிலம் உண்டாகி இன்னும் சீக்கிரம் அரிக்கும். அதனால் டிப் ஸ்டிக் காப்பி நிறம் காட்டினால் ஸ்டார்ட்டே பண்ணக் கூடாது. சம்ப் போல்ட், தோசைக்கல், கைப்பம்பு மூன்றும் நின்ற வண்டியில் செய்பவைதான்.

கேஸ்கட்தான் குற்றவாளி என்று தெரிந்து ஹெட்டைக் கழற்றினாலும், அது ஏன் போனது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. கழற்றிய ஹெட்டின் முகத்தைத் துடைத்துப் பாருங்கள். அம்பாசடரின் பழைய 1489 சிசி இன்ஜினில் ஹெட், பிளாக் இரண்டும் வார்ப்பிரும்பு; தண்ணீர் அறைக்குள் செம்மண் நிறத்துத் துருவும் சுண்ணாம்புப் படிவும் அடையாக இருக்கும். மாருதி 800-இன் அலுமினிய ஹெட்டிலோ தண்ணீர்த் துளையின் ஓரம் எலி கடித்த மாதிரி அரித்து, சிலிண்டர் வளையத்தை நோக்கி நீண்டிருக்கும். இரண்டும் நம் உப்புத் தண்ணீரின் வேலை. ஆயிரம் அடிக்குக் கீழே போர்வெல் போட்டுத் தண்ணீர் எடுக்கும் பகுதி இது. அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கி 1,045 குளம் குட்டைகளுக்குப் பவானி நீரைக் கொண்டுவருகிறது. ஆனாலும் போரில் வரும் சுண்ணாம்பும் உப்பும் உடனே குறைந்துவிடாது. சுண்ணாம்புப் படிவு சூட்டை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ள, அந்த இடம் மட்டும் கொதித்து உலோகம் வளைகிறது, விரிசல் விடுகிறது. அரித்த ஓரத்தை லேத்தில் சீவிச் சமப்படுத்தாமல் புதுக் கேஸ்கட் வைத்தால் அது உட்காராது. சீவிய பிறகும் அதே போர்த் தண்ணீரை ஊற்றினால் அரிப்பு மறுபடி தொடங்கும். கூலன்ட்டோடு கலக்க, பேட்டரிக்கு வாங்கும் டிஸ்டில்ட் வாட்டரோ சுத்தமாகப் பிடித்து வைத்த மழைத் தண்ணீரோதான் சரி. ஆயில் கலந்திருந்த ரேடியேட்டரை எத்தனை முறை கழுவினாலும் பழைய ஆயில் படலம் சில வாரம் மேலே மிதக்கும். அதைக் கண்டு மறுபடியும் ஹெட்டைத் தூக்க வேண்டாம். துடைத்துவிட்டுத் தேதியைக் குறித்து வைத்து, படலம் வாரா வாரம் குறைகிறதா என்று பாருங்கள். ஆயில் பட்டு உப்பி மெத்தென்று ஆகிவிட்ட ரப்பர் ஹோஸ்களை மட்டும் அப்போதே மாற்றிவிட வேண்டும்.