காய்ச்சலும் பாய்ச்சலும்

நடவு முடிந்து ஒரு மாதம் ஆன நெல் வயலில் இறங்கிக் காலை அழுத்தி வையுங்கள். கணுக்கால் சேற்றில் புதையும்போது விரல்களைச் சுற்றிக் குமிழ்கள் குபுகுபுவென்று கிளம்பி வந்து உடையும். வயலில் இறங்கிய எல்லோரும் பார்த்ததுதான். அந்தக் குமிழ்களில் மீத்தேன் இருக்கிறது. 1776-ல் இத்தாலியின் மஜ்ஜோரே ஏரிக்கரைச் சேற்றைக் கிளறி, இதே போன்ற குமிழ்களைக் குடுவையில் பிடித்து, அது எரியும் வாயு என்று காட்டினார் அலெஸாண்ட்ரோ வோல்டா.

வயலில் தண்ணீர் நின்றால் மண்ணுக்குள் காற்று இறங்காது. மண்ணில் மிச்சமிருக்கும் ஆக்ஸிஜன் சில நாட்களில் தீர்ந்துவிடும். அதன்பிறகு காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் தாளடியையும் இலை தழையையும் படிப்படியாகச் சிதைக்கின்றன. அந்த வரிசையில் கடைசியாக வருபவை மீத்தேனை உண்டாக்குகின்றன. குமிழாக வெளியேறுவது இதில் கொஞ்சம்தான். பெரும்பகுதி நெற்பயிரின் உடம்பு வழியாகவே மேலே போகிறது. சேற்றில் நிற்கும் வேர் மூச்சு விடுவதற்காகத் தண்டுக்குள் காற்றறைகள் இருக்கின்றன. வேருக்கு ஆக்ஸிஜனைக் கொண்டு இறக்கும் அதே வழியில் மீத்தேன் ஏறி வெளியே வந்துவிடுகிறது.

மனிதர்களால் வெளியாகும் மீத்தேனில் ஏறத்தாழ 8 சதவீதம் நெல் வயல்களிலிருந்து வருகிறது. இருபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால், கார்பன் டை ஆக்ஸைடைவிடச் சுமார் 80 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு இது. ஆனால் காற்றில் சுமார் 12 ஆண்டுகள்தான் தங்கும். இன்று குறைத்தால் பலனை நம் காலத்திலேயே பார்த்துவிடலாம். அதற்காகச் சோறு தின்னாதே என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. உலகில் பாதிப் பேருக்கு அதுதான் சாப்பாடு. மாற வேண்டியது வயலில் தண்ணீர் கட்டும் முறை.

நெல் தண்ணீரைத் தாங்கும் பயிர். எந்நேரமும் தண்ணீரில் நின்றே ஆக வேண்டிய பயிர் அல்ல. தண்ணீர் கட்டுவதன் பெரிய லாபம் களை அடங்குவது. மயிரிழை போல வெடிப்பு விடும்வரை வயலைக் காயவிட்டு மறுபடி தண்ணீர் வைப்பதைக் ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ என்று நம் விவசாயிகள் சொல்வார்கள். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் இதை அளந்து பார்த்துச் செய்வதற்கு ஓர் எளிய கருவியைக் கொடுத்திருக்கிறது: 30 செ.மீ. நீளமுள்ள ஒரு துண்டுக் குழாய். பிளாஸ்டிக் இல்லையென்றால் மூங்கில் போதும். கீழ்ப் பகுதியில் சுற்றிலும் துளையிட்டு, 20 செ.மீ. மண்ணுக்குள் இறக்கி, உள்ளே இருக்கும் சேற்றை அள்ளிவிட வேண்டும். வயல் காய்ந்தாலும் குழாய்க்குள் எட்டிப் பார்த்தால் மண்ணுக்கடியில் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று தெரியும். 15 செ.மீ. இறங்கும்வரை கவலையில்லை, வேருக்கு எட்டும். இறங்கிய பிறகு 5 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் வைத்தால் போதும்.

காயும்போது மண்ணுக்குள் காற்று புகுகிறது. மீத்தேனை உண்டாக்கும் உயிர்கள் ஒடுங்குகின்றன. மீத்தேனைத் தின்னும் பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. பல முறை காயவிட்ட வயலில் மீத்தேன் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. தண்ணீர்ச் செலவும் 30 சதவீதம் வரை குறையும். ஒரு கிலோ நெல்லுக்குச் சராசரியாக 2,500 லிட்டர் தண்ணீர் போகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். முறையாகச் செய்தால் விளைச்சல் குறையாது.

கவனிக்க வேண்டியவையும் உண்டு. பூக்கும் தருணத்தில் காயவிடக் கூடாது, மணி பதராகிவிடும். களை கூடும், ஆள் கூலி கூடும். யூரியாவை அள்ளிப் போட்டுவிட்டு வயலைக் காயவும் நனையவும் விட்டால் நைட்ரஸ் ஆக்ஸைடு என்ற இன்னொரு வாயு கிளம்பும். அது மீத்தேனைவிடப் பொல்லாதது. இயற்கை விவசாயம் என்றால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்களும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பச்சை வைக்கோலை மடக்கி உழுது உடனே தண்ணீர் கட்டினால் மீத்தேன் அதிகமாகும். நன்கு மக்கிய தொழுவுரம் என்றால் அந்த அளவுக்கு ஆகாது.

இவ்வளவு தெரிந்தும் காவிரி டெல்டாவில் வயல்கள் ஏன் ததும்பி நிற்கின்றன? விவசாயிக்குத் தெரியாமல் இல்லை. ஆழ்துளைக் கிணறு வைத்திருப்பவர் நினைத்தபோது மோட்டாரைப் போடலாம். வயலைக் காயவிட அவருக்குப் பயமில்லை. வாய்க்காலை நம்பிக் கடைமடையில் இருப்பவருக்கு அடுத்த முறைத் தண்ணீர் என்றைக்கு வரும் என்று தெரியாது. வந்த தண்ணீரை வரப்பு நிறையத் தேக்கி வைத்துக்கொள்வது அவருக்குக் கிடைத்த ஒரே காப்பீடு. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

குழாயை அரசு மானியத்தில் கொடுத்துவிடலாம், அது சுலபம். அதோடு ஒவ்வொரு மதகிலும் எந்தத் தேதியில் எத்தனை நாளைக்குத் தண்ணீர் வரும் என்பதை முன்கூட்டியே எழுதிப் போடுங்கள். சொன்ன தேதியில் திறந்துவிடுங்கள். கடைமடை விவசாயி நம்பி வயலைக் காயவிடுவார்.