மூன்று கிராமில் தொடங்குங்கள்

தீர்த்தன் ஆற்றங்கரையில் முதல் நாள் காலை. நான் பையைப் பிரித்து ராடை ஒவ்வொரு கணுவாக மாட்டிக்கொண்டிருந்தேன். கூட வந்த உள்ளூர்த் தூண்டில்காரர் அதை மேலும் கீழுமாகப் பார்த்தார். "சாப், இதை வச்சு எதைப் பிடிக்கப் போறீங்க?" என்று இந்தியில் கேட்டார்.

நியாயமான கேள்வி. ராட் பத்தடி நீளம். சென்னையில் ஒரு கடையில், "ஆறோ கடலோ, எல்லாத்துக்கும் இது ஒண்ணே போதும் சார்" என்று சொல்லித் தலையில் கட்டினார்கள். மணலில் நின்றுகொண்டு கனத்த ஈயக்குண்டை அலைக்கு அப்பால் எறிவதற்கான ராட் அது. இங்கே நாங்கள் நின்ற இடத்தில் ஆறு நம் ஊர்த் தெரு அகலம்தான் இருந்தது. ஸ்பின்னர் என்ற மூன்றரை கிராம் பொய்யிரையை மாட்டி வீசினேன். பத்தடி ராட் அசையக்கூட இல்லை. ஸ்பின்னர் என் செருப்புக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது.

உண்டிவில் அடித்தவர்களுக்கு இது புரியும். ரப்பர் தடிமனாக இருந்தால் சுண்டைக்காய் அளவு கல் பறக்காது. ராடும் ஒரு வில்தான். நுனியில் தொங்கும் எடை அதை வளைக்க வேண்டும். வளைந்தது நிமிரும்போதுதான் எடை பறக்கும். மூன்றரை கிராமுக்கு வளையாத ராட், இந்த ஆற்றில் வெறும் கம்பு.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் எல்லோரும் கடைக்குள் நுழைந்ததும் ராடைத்தான் கையில் எடுக்கிறார்கள். பிறகு அதற்கு ஒரு ரீல், அதற்கு ஒரு நரம்பு, கடைசியில் கவுன்ட்டரில் கண்ணைப் பறிக்கும் நாலு பொய்யிரைகள். இந்த வரிசையை அப்படியே தலைகீழாக்க வேண்டும். மீன் எதை வாயில் கவ்வப் போகிறதோ அங்கிருந்து பின்னோக்கி வர வேண்டும். மற்ற எல்லாவற்றையும் அந்த மூன்று கிராம் முடிவு செய்யட்டும்.

மீன் எது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இமாசலப் பிரதேசத்தின் குல்லு மாவட்டத்தில் ஓடும் தீர்த்தன், லார்ஜி அருகே பியாஸ் ஆற்றில் கலக்கிறது. பனி உருகி வரும் தண்ணீர், உருண்டைக் கற்கள், இரு கரையிலும் மரங்கள். இங்கே இருப்பது பழுப்பு ட்ரவுட்டும் வானவில் ட்ரவுட்டும். இரண்டுமே வந்தேறிகள். 1899இல் காஷ்மீருக்குக் கப்பலேறிய முட்டைகள் வழியிலேயே அழிந்தன. மறு ஆண்டு ஸ்காட்லாந்திலிருந்து வந்தவை பிழைத்தன. அங்கிருந்து 1909இல் குல்லுவுக்கு வந்தது ட்ரவுட். நம் நீலகிரியில் இதற்கு முன்பே, 1860களில், பிரான்சிஸ் டே முயன்று தோற்றிருக்கிறார். பிறகு 1907 வாக்கில் எச்.சி. வில்சன் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்து வானவில் ட்ரவுட்டை அங்கே நிலைக்க வைத்தார். இப்படி வெள்ளைக்காரர் பொழுதுபோக்குக்காகக் கொண்டுவந்து விட்ட மீன், இமயத்து ஆறுகளில் ஏற்கெனவே வாழ்ந்த 'பனி ட்ரவுட்'டை நெருக்கியதும் உண்மை. பெயர்தான் ட்ரவுட்; அது கெண்டை வகையறா. தூண்டில் போடுகிறவர்கள் இந்த நெருக்கலைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

சரி, நுனிக்கு வருவோம். ஓடும் தண்ணீரில் தொடக்கக்காரருக்கு ஸ்பின்னரை மிஞ்சிய பொய்யிரை இல்லை என்பது என் கட்சி. ஒரு கம்பி, அதில் சிறிய பித்தளைக் குண்டு, கம்பியைச் சுற்றிச் சுழலும் ஓர் இலை போன்ற தகடு, கடைசியில் முள். இழுத்தால் தகடு சுற்றும், மினுக்கும், தண்ணீரில் அதிர்வை எழுப்பும். மீனைக் கவரும் வேலையைத் தகடே பார்த்துக்கொள்கிறது; நம் கையில் வித்தை வேண்டியதில்லை. பிரான்சில் 1938இல் பிறந்த மெப்ஸ் அக்லியா இந்த வகையில் இன்றும் விற்கும் மூத்த பெயர். அதில் 0, 1, 2 ஆகிய மூன்று அளவுகள் ட்ரவுட்டுக்குப் போதும். இவை ஏறக்குறைய இரண்டரையிலிருந்து ஐந்து கிராமுக்குள் அடங்கும்.

தகட்டின் வடிவத்தைக் கவனியுங்கள். அகலமான வட்டத் தகடு கம்பியை விட்டு நன்றாக விலகிச் சுற்றும். அதனால் மெதுவாக இழுத்தாலும் வேலை செய்யும், ஆனால் வேகமான நீரில் மேலே மிதந்து வந்துவிடும். வேப்பிலை போல ஒடுங்கிய தகடு கம்பியை ஒட்டியே சுற்றும். நீரோட்டத்தைக் கிழித்துக்கொண்டு ஆழத்தில் போகும். தேங்கிய மடுவுக்கு முதலாவது, பாய்ச்சலுக்கு இரண்டாவது. நிறத்தைப் பற்றி ஆளுக்கொரு வேதம் வைத்திருக்கிறார்கள். வெள்ளியில் இரண்டு, தங்க நிறத்தில் இரண்டு வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுங்கள். பளபளப்பும் பொட்டும் புள்ளியும் பாதிக்கு மேல் மனிதர்களைப் பிடிக்கவே பூசப்படுகின்றன.

பின்லாந்தின் லௌரி ரபாலா 1930களில் தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றிவரும் தாளைப் போர்த்திச் செய்த மீன்குஞ்சுப் பொய்யிரையின் வாரிசுகளும் கடையில் கிடைக்கும். அருமையானவை, விலையும் அப்படியே. ஆற்றடிக் கற்களில் முள் சிக்கி அறுந்துபோகும்போது வயிறு எரியும். இரண்டாம் வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து நரம்பு. தீர்த்தனில் நான் பார்த்த மீன்கள் பெரும்பாலும் அரைக் கிலோவுக்குள்தான். அதற்கு நான்கு பவுண்டு நைலான் நரம்பு போதும். பெரிய ஆறானால் ஆறு பவுண்டு. என் ரீலில் சுற்றியிருந்தது இருபது பவுண்டு. கனத்த நரம்பு ரீலில் சுருள் சுருளாக இறுகிக் கிடக்கும், வீசும்போது வளையங்களில் உரசும், இலேசான ஸ்பின்னரை நடுவழியிலேயே நிறுத்திவிடும். போதாததற்குத் தெளிந்த நீரில் மீன் கண்ணுக்கும் படும். பின்னல் நரம்பு மெல்லியது, தூரம் போகும். ஆனால் சிக்கு விழுந்தால் தலைமுடியை அவிழ்ப்பது போலத்தான். நைலான் கொஞ்சம் நீளும். மீன் திடீரென்று தலையை உதறும்போது அந்த நீட்சிதான் தொடக்கக்காரரின் தவறைப் பொறுத்துக்கொள்ளும்.

ஸ்பின்னருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு: தான் சுற்றுவதோடு நரம்பையும் முறுக்கிவிடும். ஊக்கு வைத்த சிறிய ஸ்விவல், அதாவது தானே சுழலும் இணைப்பு ஒன்றை நரம்புக்கும் ஸ்பின்னருக்கும் நடுவில் போட்டால் இது குறையும். பொய்யிரையை மாற்ற ஒவ்வொரு முறையும் முடிச்சை அறுத்துப் போடவும் வேண்டாம். காலையில் விரல் விறைத்துப் போகும் ஊரில் அது சின்ன உதவி இல்லை.

ஸ்பின்னிங் ரீலின் கதை எனக்குப் பிடித்தது. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் ஆலை வைத்திருந்த ஆல்பிரட் இல்லிங்வொர்த் என்பவர் 1905இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். கைத்தறியில் நாடாவுக்குள் இருக்கும் தாரைப் பார்த்திருக்கிறீர்களா? தார் சுற்றாது, நூல் மட்டும் அதன் நுனி வழியே உருவிக்கொண்டு வரும். ஸ்பின்னிங் ரீலும் அதே தத்துவம்தான். வீசும்போது உருளை அசைவதில்லை. அசையாததால் மூன்று கிராம் எடைகூட நரம்பை இழுத்துக்கொண்டு போக முடிகிறது. உருளையே சுற்ற வேண்டியிருந்தால் அதைக் கிளப்பவே அந்த எடை போதாது.

ஆகவே 1000 அல்லது 2000 என்று எண் போட்ட சிறிய ரீல். எத்தனை பேரிங் என்று கடைக்காரர் அடுக்குவதைக் காதில் வாங்காதீர்கள். முன்னால் இருக்கும் திருகைத் தளர்த்தி, நரம்பைக் கையால் இழுத்துப் பாருங்கள். தடங்கல் இல்லாமல், ஒரே சீராக, வெண்ணெயில் கயிறு போவது போல வர வேண்டும். முதலில் பிடித்துக்கொண்டு பிறகு வெடுக்கென்று விடுகிற ரீலை அங்கேயே வைத்துவிடுங்கள். நான்கு பவுண்டு நரம்பு அறுவது அந்த வெடுக்கில்தான். நரம்பு தாங்கும் எடையில் கால் பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கு இழுப்புக்கு ரீல் விட்டுக்கொடுக்கும்படி திருகை வைக்க வேண்டும். கையில் காசு குறைவென்றால் ராடில் சிக்கனம் பிடித்து ரீலில் செலவழியுங்கள். ராட் சுமாராக இருந்தாலும் மீன் வரும், ரீல் சொதப்பினால் வராது.

கடைசியாக ராட். இத்தனையும் முடிவான பிறகு அதைத் தேர்ந்தெடுக்க ஒரு நிமிடம் போதும். பிடிக்கு மேலே சிறிய எழுத்தில் எத்தனை கிராம் என்று அச்சிட்டிருப்பார்கள். 2 முதல் 10 கிராம் வரை என்று போட்டிருந்தால் அதுதான் உங்களுடையது. மரம் மூடிய ஓடைக்கு ஐந்தரை, ஆறு அடி. திறந்த ஆற்றுக்கு ஏழடி வரை. ரயிலில் போகிறவர்கள் நான்கு துண்டாகக் கழற்றும் ராடை வாங்குங்கள். ஒன்றுக்குள் ஒன்று நுழையும் ராடும் கைக்கு அடக்கம்தான். ஆனால் மணல் புகுந்தால் பாதியில் மாட்டிக்கொண்டு நிற்கும்.

இவற்றோடு ஒரு போலராய்டு கண்ணாடியும், ஒரு சின்னக் குறடும். கண்ணாடி நீர்ப்பரப்பின் கூசலை நீக்கிக் கல்லுக்குப் பின்னால் நிற்கும் நிழலைக் காட்டும். குறடு, முள்ளின் நுனியில் பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் கொக்கியை நசுக்கிவிட. நசுக்கினால் மீனின் வாயிலிருந்து முள் எளிதாகக் கழலும். உங்கள் காது மடலிலிருந்தும்தான்.

இமாசலத்தில் மீன்வளத் துறையின் உரிமம் இல்லாமல் ட்ரவுட் ஆற்றில் தூண்டில் போட முடியாது. நவம்பர் 1 முதல் பிப்ரவரி கடைசி வரை முட்டையிடும் காலம் என்று அடைத்துவிடுவார்கள். எந்தப் பகுதி, எத்தனை மீன், என்ன நீளத்துக்குக் குறைந்தால் திருப்பி விட வேண்டும் என்பதை உரிமம் வாங்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மழைக்காலத்தில் ஆறு கலங்கிப் பெருகிவிடும். மார்ச்சிலிருந்து ஜூன் வரை, பிறகு செப்டம்பர், அக்டோபர் என்று திட்டமிடுவது நல்லது.

மறுநாள் அந்த உள்ளூர்த் தூண்டில்காரர் தன்னுடைய ராடை என்னிடம் கொடுத்தார். ஆறடி, பிடியில் துணி சுற்றியது, ஒரு வளையம் செப்புக் கம்பியால் கட்டியது. ஆற்றின் போக்கிலேயே நடந்து வீசிக்கொண்டிருந்த என்னைத் தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தினார். ட்ரவுட் எப்போதும் நீரோட்டத்தை எதிர்த்து முகம் வைத்து நிற்கும். மேலிருந்து இறங்கி வந்தால் நம்மைப் பார்த்துவிடும். கீழிருந்து ஏறிப் போய், மேல்நோக்கி வீசி, தண்ணீரைவிடக் கொஞ்சம் வேகமாகச் சுற்ற வேண்டும். வேகம் குறைந்தால் தகடு சுழலாமல் கல்லில் உட்கார்ந்துவிடும்.

அப்படித்தான் முதல் ஸ்பின்னர் போனது. இரண்டாவது எதிர்க்கரை மரக்கிளையில். மூன்றாவது, ஒரு பாறைக்குப் பின்னால் சுழிந்துகொண்டிருந்த முழம் அகல நீரில் விழுந்து இரண்டு சுற்று சுற்றியிருப்பேன், நுனி வளைந்தது. திருகு கிர்ரென்று விட்டுக்கொடுத்தது, திரும்ப இழுத்தது, விட்டுக்கொடுத்தது. கையை நனைத்துக்கொண்டு தூக்கினேன். ஒரு சாண் இருக்கும். பழுப்பு உடம்பில் வெள்ளை வளையமிட்ட சிவப்புப் புள்ளிகள். "சின்னது" என்றார் அவர். விட்டுவிட்டேன்.

சாயங்காலத்துக்குள் அந்த மூன்றாவது ஸ்பின்னரும் ஆற்றோடு போனது.