இடுப்பில் ஸ்குரு வைத்த பிறகு முதுகு கூனுவது ஏன்?

சந்தாபுரா சர்க்கிளில் காலை ஷிப்டுக்குப் பஸ் பிடிக்க நிற்பவர்களில் தருமபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்காரர்கள் பலர். பொம்மசந்திரா தொழிற்சாலைகளில் மூட்டை தூக்குவோரும், நின்றபடியே மிஷின் ஓட்டுவோரும், நாற்காலியை விட்டு எழாத குமாஸ்தாக்களும் அவர்களில் உண்டு. இடுப்பு வலி எல்லோருக்கும் பழகிய விருந்தாளி. பெரும்பாலோருக்கு அது ஆபரேஷன் இல்லாமலே தணிந்துவிடும். சிலருக்குத்தான் எலும்பு நகர்ந்தோ, நரம்பு நசுங்கியோ, "ஸ்குரு வைத்து எலும்பைச் சேர்க்க வேண்டும்" என்று டாக்டர் சொல்லும் நிலை வருகிறது.

வலி போகுமா, செலவு எவ்வளவு என்று கேட்கிறார்கள். எந்த வளைவில் வைத்துச் சேர்ப்பீர்கள் என்று கேட்பவர் அபூர்வம்.

வளைவு எதற்கு?

முதுகெலும்பு நேர்க்கோடு அல்ல. இடுப்புப் பகுதியில் அது முன்னோக்கி வளைந்திருக்கிறது. பெரியவர்களுக்கு இந்த வளைவு சாதாரணமாக 40 முதல் 60 டிகிரி இருக்கும். அதில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு கடைசி இரண்டு டிஸ்குகளிலேயே அடங்கியிருக்கிறது. ஆபரேஷன் அதிகம் நடப்பதும் அங்கேதான்! தலையின் பாரம் இடுப்புக்கு நேர் மேலே நிற்க இந்த வளைவு வேண்டும். தலையில் குடம் சுமப்பவரைப் பார்த்தால் புரியும். குடம் சற்று முன்னால் சரிந்தாலும் கழுத்தும் முதுகும் இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கும்.

பழைய பாடம்

முதுகெலும்பைச் சேர்க்கும் ஆபரேஷனை 1911-ல் நியூயார்க்கில் ஹிப்ஸ், ஆல்பி என்ற இரு டாக்டர்கள் தனித்தனியே வெளியிட்டனர். காசநோய் அரித்த முதுகுக்காகப் பிறந்த வைத்தியம் அது. 1962-ல் அமெரிக்க டாக்டர் பால் ஹாரிங்டன், பக்கவாட்டில் கோணிய முதுகை எஃகுக் கம்பியால் நிமிர்த்தும் முறையை வெளியிட்டார். கோணல் குறைந்தது. ஆனால் கம்பி இடுப்பு வரை இறங்கியவர்களில் பலருக்கு இயற்கை வளைவும் தட்டையாகிப் போயிற்று. ஆண்டுகள் சென்றபின் அவர்கள் முன்னால் சாய்ந்து, முழங்காலை மடக்கி நடந்தனர். அதற்குத் 'தட்டை முதுகு' என்றே பெயர் வந்தது.

கருவிகள் மாறிவிட்டன, ஆபத்து அடியோடு போகவில்லை. மேஜையில் குப்புறப் படுக்கவைக்கும்போது தொடை மடங்கியிருந்தால் வளைவு குறையும். அப்படியே முடுக்கிவிட்டால் அது நிரந்தரம். எலும்பு மெலிந்தவர்களுக்கு, டிஸ்க் இருந்த இடத்தில் வைத்த கூண்டு உள்ளே அமுங்குவதும் உண்டு. சேர்த்த இடத்துக்கு மேலே உள்ள டிஸ்க் கூடுதல் பாரம் சுமந்து தேயக்கூடும். காலையில் நிமிர்ந்து கிளம்பியவர் மாலையில் கூனித் திரும்புவார். 'ஸ்குரு கழன்றுவிட்டது' என்பார்கள் அக்கம்பக்கத்தார். பல சமயம் ஸ்குரு இருந்த இடத்தில்தான் இருக்கும்.

என்ன கேட்கலாம்?

படுத்து எடுக்கும் ஸ்கேன் மட்டும் இதைக் காட்டாது. நின்றபடி, பக்கவாட்டில், தலை முதல் தொடை வரை எடுக்கும் எக்ஸ்-ரேயில்தான் வளைவை அளக்க முடியும். இடுப்பெலும்பின் அமைப்பு ஆளுக்கு ஆள் மாறுவதால் தேவைப்படும் வளைவும் மாறும். ஆகவே அந்தக் கணக்கை முன்னதாகவே டாக்டரிடம் கேட்பதில் தவறில்லை.

எலும்பு ஒட்ட ஆறு மாதம் முதல் ஒரு வருடம் ஆகலாம். பீடி, சிகரெட் அதைக் கெடுக்கும். கால் வலுவிழந்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நடை மெல்லக் குனிவதாகத் தெரிந்தால், மீண்டும் நின்ற எக்ஸ்-ரே எடுத்துப் பழையதோடு ஒப்பிடச் சொல்ல வேண்டும். வாடகை வீடு மாறும்போது அந்தப் பழைய ஃபிலிமை மட்டும் பரணிலேயே விட்டுவிட்டு வரக்கூடாது.