டீசல் இருக்கு, வண்டி கிளம்பலை

கோவிந்தாபுரம் வழியாகப் பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுக்கும் இடையே ஓடும் லோடு வண்டிகளில் பலவற்றுக்கு ஒரு பழக்கம் உண்டு. கேரளத்துக்குள் முடிந்தவரை டீசல் போடுவதில்லை. 2023 ஏப்ரல் 1-ல் கேரள அரசு லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு வரி போட்ட பிறகு இந்தச் சிக்கனம் இன்னும் இறுகியது. கொல்லங்கோட்டில் காய்கறியை இறக்கிவிட்டு, மீட்டர் முள் சிவப்பைத் தொட்டாலும் 'எல்லை தாண்டினால் பங்க்' என்று ஓட்டி வருகிறார்கள். முதலமடை தாண்டி ஒரு வளைவில் எஞ்சின் இரண்டு தடவை இருமுகிறது. மிதித்தால் இழுவை இல்லை. ஓரங்கட்டுவதற்குள் அணைந்துவிடுகிறது. செல்ஃப் அடித்தால் சுற்றுகிறது. பிடிக்க மாட்டேன் என்கிறது.

டேங்கில் நாலைந்து லிட்டர் கிடக்கிறது. எஞ்சினுக்கோ ஒரு சொட்டுகூடப் போகவில்லை.

ஏன்? ருடால்ஃப் டீசல் 1897-ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய எஞ்சினில் தீப்பொறி என்பதே கிடையாது. காற்றை அமுக்கினால் சூடேறும். அந்தச் சூட்டில் எரிபொருளைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். அப்படிப் பீய்ச்ச அசாத்திய அழுத்தம் வேண்டும். கார் டயரில் இருப்பது 2 பார் சொச்சம். பழைய பம்ப் வண்டிகளில் நாசில் திறக்கவே நூறு, இருநூறு பார் தேவை. காமன்ரெயில் வண்டிகளில் இது 1,600 பாரையும் தொடும். டீசல் திரவம் என்பதால் இந்த அழுத்தத்தைத் தாங்கிக் கடத்தும். நடுவே காற்றுக் குமிழி புகுந்துவிட்டால் பம்ப் அடிக்கும் அடியெல்லாம் குமிழியைச் சுருக்குவதிலேயே தீர்ந்துபோகும். 'ஏர் பிடிச்சிருச்சு' என்று டிரைவர்கள் சொல்வது இதைத்தான். (நல்ல தமிழில் 'காற்றடைப்பு' என்று எழுதிவிடலாம். ஒர்க்‌ஷாப்பில் போய்ச் சொன்னால் டயருக்குக் காற்றடிக்க ஆள் வருவார்.)

காலி டேங்கில் காற்று புகுவது எளிது. மட்டம் இறங்கிய பிறகு வளைவிலும் மேட்டிலும் டீசல் ஒரு பக்கமாக ஒதுங்க, உறிஞ்சு குழாயின் வாய் வெளியே தெரிந்துவிடும். குமுளி, போடிமெட்டு போன்ற மலைப்பாதைகளில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். தவிர, பாதி காலியாகவே ஓடும் டேங்கில் இரவுக் குளிருக்கு ஈரம் படிகிறது. தண்ணீர் டீசலைவிடக் கனமானது. அடியில் தங்கி, துருவோடும் வண்டலோடும் ஒருநாள் ஃபில்டருக்கு வந்து சேரும்.

எல்லாப் பழியையும் காலி டேங்க் மீதே போட்டுவிடவும் முடியாது. டேங்க் நிறைந்திருக்கும்போதும் வண்டி நிற்பதுண்டு. டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை உள்ளது உறிஞ்சும் பகுதி. அங்கே ரப்பர் டியூபில் வெடிப்போ, கிளிப்பில் தளர்வோ, நைந்த வாஷரோ இருந்தால், வண்டி ஓடும்போது டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். தரையில் ஈரமில்லை, ஆகவே லீக் இல்லை என்று முடிவு கட்டுவதுதான் சாலையோரத்தில் அதிகம் நடக்கும் தவறு. அதற்கு அடுத்த தவறு பம்ப்பையே இறக்கச் சொல்வது. டியூபும் கிளிப்பும் சில நூறு ரூபாயில் முடியும் சமாசாரம். பம்ப்பை இறக்கினால் செலவு ஆயிரங்களில் ஓடும், வண்டியும் நாள்கணக்கில் நிற்கும். பின்னால் இருப்பது முதலமடை மாங்காயாகவோ பாலாகவோ இருந்தால் சரக்கும் போச்சு. மாதத் தவணை மட்டும் நிற்காது.

பார்க்க வேண்டிய முதல் இடம் சைலன்ஸர். செல்ஃப் சுற்றும்போது புகையே இல்லை என்றால் டீசல் போய்ச் சேரவில்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை; கோளாறு ஹீட்டர் பிளக்கிலோ கம்ப்ரஷனிலோ இருக்கலாம். இந்த ஒரு கேள்வியிலேயே பாதி குழப்பம் தீர்ந்துவிடும்.

அடுத்து டேங்க் மூடி. திறந்ததும் 'உஸ்'ஸென்று காற்றை உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. டேங்கில் வெற்றிடம் உண்டாகி டீசலை விட மறுக்கிறது. சுத்தம் செய்தால் போதும், காசு செலவில்லை. பிறகு ஃபில்டர் அருகே உள்ள கைப்பம்ப். அமுக்க அமுக்க அது இறுக வேண்டும். எத்தனை அமுக்கியும் தொளதொளவென்றே இருந்தால் காற்று நுழைகிறது. அமுங்கிய பம்ப் மேலெழும்பாமல் ஒட்டிக்கொண்டால் டேங்க் பக்கம் அடைப்பு, பெரும்பாலும் ஜல்லடை. பழைய வண்டியானால் ஃபில்டர் மேலுள்ள ஸ்குருவைத் தளர்த்தி, நுரை போய்த் தெளிந்த டீசல் வரும்வரை அமுக்கி, வழியும்போதே முடுக்க வேண்டும். சாவி போட்டதும் பம்ப்பில் 'டிக்' கேட்கிறதா என்பதையும் கவனிக்கலாம். கேட்காவிட்டால் டீசலைத் திறந்துவிடும் சாலினாய்டுக்குக் கரண்ட் வரவில்லை. பியூஸ் போயிருக்கும்.

அனுபவசாலிகளின் துருப்புச் சீட்டு வேறு. ஒரு கேனில் சுத்தமான டீசல், ஒரு முழம் டியூப். டேங்கை விட்டுவிட்டு ஃபீட் பம்ப்புக்கு நேரே கேனிலிருந்து கொடுத்துப் பார்ப்பார்கள். வண்டி பிடித்துக்கொண்டால் பம்ப் நிரபராதி. குற்றவாளி பின்னால் எங்கோ இருக்கிறான்.

காமன்ரெயில் வண்டியில் இந்தத் துணிச்சலுக்கு எல்லை உண்டு. 2020 ஏப்ரல் 1-ல் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் வந்த பிறகு தயாரான பிக்அப்புகளில் ரெயிலில் போதிய அழுத்தம் ஏறியதாக சென்சார் சொல்லாதவரை கம்ப்யூட்டர் நாசிலைத் திறக்காது. தேய்ந்த ஒரு நாசில் டீசலை ரிட்டர்னில் வழியவிட்டாலும் அழுத்தம் ஏறாது. ஸ்கேனர் வைத்துப் பார்ப்பதே நல்லது. பழைய நினைவில் நாசில் பைப்பைத் தளர்த்திவிட்டு செல்ஃப் அடிப்பது விபரீதம். அந்த அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். காயம் ஊசி குத்தியதுபோல் சின்னதாகத் தெரியும், ஆனாலும் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

விடாமல் செல்ஃப் அடிப்பதும் உதவாது. இந்தப் பம்ப்புக்கு டீசல்தான் ஆயிலும்கூட. வறட்டுத்தனமாகச் சுற்றினால் பம்ப் தேய்ந்து, உதிரும் இரும்புத் தூள் நாசில்வரை போகும். பத்து விநாடி அடித்து, ஒரு நிமிடம் விட்டு, மறுபடி கைப்பம்ப்புக்கு வர வேண்டும். புது ஃபில்டர் மாட்டும்போது அதன் நடுத்துளையில் கேன் டீசலை ஊற்றுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. அந்தத் துளை வடிகட்டிய டீசல் வெளியேறும் வழி. அங்கே ஊற்றுவது வடிகட்டாமலே நேராகப் பம்ப்புக்குப் போகிறது.