கார் என்ஜின் உதறுகிறதா? லேப்டாப்பை இணைத்துப் பாருங்கள்

சிக்னலில் நிற்கும்போது கார் குலுங்குகிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் வெட்டி வெட்டி இழுக்கிறது. டேஷ்போர்டில் மஞ்சள் நிற என்ஜின் விளக்கு எரிகிறது. ஒர்க்‌ஷாப்பில் விட்டால் "பிளக், காயில் நாலையும் மாத்திடலாம் சார்" என்பார்கள். நான்கும் கெட்டிருக்கிறதா, ஒன்றுதானா என்பதை நீங்களே கண்டுபிடிக்கலாம்.

பெட்ரோல் காரில் உள்ள இசியு என்னும் கம்ப்யூட்டர், கிராங்க் ஷாஃப்ட் சுற்றும் வேகத்தைக் கவனித்துக்கொண்டே இருக்கும். ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாவிட்டால் சுழற்சி அந்த இடத்தில் சற்றே தளரும். இதற்கு மிஸ்ஃபயர் என்று பெயர். எந்த சிலிண்டர் என்பதையும் சேர்த்து இசியு ஓர் எண்ணாகப் பதிந்து வைக்கும். அதைப் படிக்கும் ஓபிடி 2 முறை அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து கட்டாயமானது. 2013-க்குப் பிறகு வந்த இந்தியக் கார்களிலும் பெரும்பாலும் இருக்கும்.

ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட்டைத் தேடுங்கள். இஎல்எம் 327 வகை யூஎஸ்பி அடாப்டரை அதில் செருகி லேப்டாப்புடன் இணையுங்கள். சாவியை 'ஆன்' நிலைக்குத் திருப்புங்கள். சாஃப்ட்வேர் காரைக் காணவில்லை என்றால், டிவைஸ் மேனேஜரில் காம் போர்ட் எண்ணைப் பார்த்து அதையே சாஃப்ட்வேரிலும் கொடுங்கள். பலருக்கு இங்கேதான் தகராறு.

பி0303 என்று வந்தால் மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர். உடனே 'கிளியர்' பட்டனை அழுத்திவிடாதீர்கள். கோளாறு வந்த நேரத்தில் இருந்த வேகம், சூடு போன்ற விவரங்களும் அதோடு அழிந்துவிடும். முதலில் எழுதி வையுங்கள்.

இந்த எண் இடத்தைத்தான் சொல்கிறது, காரணத்தை அல்ல. புரோகிராமில் எரர் காட்டும் வரி ஒன்று, தப்பு இருக்கும் வரி வேறு என்பது போலத்தான் இதுவும்.

சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள என்ஜின் என்றால் சோதனை எளிது. சிலிண்டர் வரிசையை மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். என்ஜினை நிறுத்தி, நன்றாக ஆறவிட்டு, மூன்றாவது காயிலை இரண்டாவதோடு இடம் மாற்றுங்கள். கோடை அழித்துவிட்டு சிறிது தூரம் ஓட்டுங்கள். பி0302 வந்தால் கோளாறு காயிலோடு நகர்ந்துவிட்டது. அந்த ஒரு காயிலை மாற்றினால் போதும். மீண்டும் பி0303 என்றால் பிளக்குகளை இதேபோல மாற்றிப் பாருங்கள். அப்போதும் நகராவிட்டால் இன்ஜெக்டர் அல்லது கம்ப்ரஷன். அது மெக்கானிக் வேலை.

பி0300 என்றால் எந்த சிலிண்டர் என்று குறிப்பாகச் சொல்லவில்லை. கூடவே பி0171 இருந்தால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று பொருள். இன்டேக் பக்கத்து ரப்பர் குழாய்களில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

என்ஜின் விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் சோதனைக்காகக்கூட ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் உள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதை உருக்கிவிடும். அதன் விலையில் காயில்கள் பல வாங்கலாம். மூடிய ஷெட்டுக்குள் என்ஜினை ஓடவிட்டுச் சோதிப்பதும் வேண்டாம். அந்தப் புகை உயிருக்கே ஆபத்து.