சாபமும் செயலும்: ஷேக்ஸ்பியரின் ‘மூன்றாம் ரிச்சர்டு’ நாடகத்தில் அதிகாரம், ஊழ், பெண்கள்

முன்னுரை

1597இல் முதன்முதலாக அச்சேறிய ஷேக்ஸ்பியரின் ‘மூன்றாம் ரிச்சர்டு’, அண்ணன் மைந்தர்களை விலக்கி அரியணை ஏறி, பின்னர் அவர்களைக் கொல்வித்த ஒருவனின் வீழ்ச்சியைக் கூறும் நாடகம். அதில் படை, சிறை, அரசவை ஆகிய அனைத்தும் ஆடவர் கையில் உள்ளன. பெண்களுக்கு எஞ்சியிருப்பது சொல் ஒன்றே. அச்சொல் பெரும்பாலும் சாபமாக வெளிப்படுகிறது. சாபங்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் பலிக்கின்றன. எனவே கொடுங்கோலனை வீழ்த்துவது ஊழே என்றும், பெண்கள் அவ்வூழின் குரல் மட்டுமே என்றும் கொள்வது எளிது. இக்கருத்து நாடகத்தின் ஒரு பாதியையே விளக்குகிறது.

கொடுங்கோலன் கையில் ஊழ்

‘ஜி’ என்னும் எழுத்தில் பெயர் தொடங்கும் ஒருவனால் அரசனின் வாரிசுகள் மடிவர் என்றொரு முன்னறிவிப்பு முதற்காட்சியிலேயே பேசப்படுகிறது. அதை நம்பி அரசன் நான்காம் எட்வர்டு தன் தம்பி கிளாரன்ஸ் கோமகனைச் சிறையிடுகிறான். கிளாரன்சின் இயற்பெயர் ஜார்ஜ். இச்சூழ்ச்சியைப் பின்னியவன் மற்றொரு தம்பியான குளோஸ்டர் கோமகன் ரிச்சர்டு. குளோஸ்டர் என்னும் பெயரும் அதே எழுத்தில்தான் தொடங்குகிறது. முன்னறிவிப்பு பொய்க்கவில்லை, அரசன் ஐயுற்ற தம்பிதான் வேறு. ஊழைப் பிறர்மேல் ஏவும் கருவியாகக் கொண்டவன் தானே அதன் பொருளாகிவிடுகிறான்.

மார்கரெட்

தோற்றுப்போன ஆறாம் ஹென்றியின் அரசி மார்கரெட், முதல் அங்கத்தின் மூன்றாம் காட்சியில் அரண்மனைக்குள் வந்து அங்குள்ளோர் அனைவரையும் சபிக்கிறாள். வரலாற்றில் அவர் 1482இலேயே பிரான்சில் இறந்துவிட்டார். நாடக நிகழ்ச்சிகளின் பெரும்பகுதியோ 1483க்கும் 1485க்கும் இடைப்பட்டது. அங்கு இருந்திருக்கவே இயலாத ஒருவரை ஷேக்ஸ்பியர் கொண்டுவந்து நிறுத்தியதற்குக் காரணம் வேண்டும். வெற்றி பெற்றவர்கள் பழையதை மறக்க விரும்புகின்றனர். மறக்க மறுப்பவள் மார்கரெட் ஒருத்தியே. அவளும் தூய்மையானவள் அல்லள். யார்க் குடும்பத்துக்கு அவள் இழைத்த கொடுமையை அவையினர் உடனே எடுத்துக்காட்டுகின்றனர். ஆகவே அவள் சாபம் நடுநிலையான நீதியன்று, பழிகளின் கணக்கு.

1700இல் அச்சான கோலி சிப்பரின் தழுவலிலும், லாரன்ஸ் ஒலிவியரின் 1955ஆம் ஆண்டுத் திரைப்படத்திலும் மார்கரெட் இல்லை. அவளை நீக்கியபின் ரிச்சர்டு கவர்ச்சி மிக்க தனியொரு தீயவனாகச் சுருங்கிவிடுகிறான் என்பது என் கருத்து. அவனுக்கு முன்பே தொடங்கிவிட்ட கொலைத் தொடர் பார்வையாளரின் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது.

சாபம் சபித்தவரையும் சுடுகிறது. தன் கணவனையும் மாமனாரையும் கொன்ற ரிச்சர்டை ஏசும் ஆன், அவனுக்கு மனைவியாக வருபவளும் துயருறுக என்கிறாள். அதே காட்சியின் முடிவில் அவன் அளித்த மோதிரத்தை ஏற்கிறாள். தன் வாய்ச்சொல் தன்மேலேயே விழுந்ததை நான்காம் அங்கத்தில் அவளே நினைவுகூர்கிறாள்.

பலிக்காத சாபம்

மார்கரெட் சபித்தவர்களுள் ரிவர்ஸ், ஹேஸ்டிங்ஸ் இருவரும் தலை வெட்டப்பட்டு இறக்கின்றனர். அவர்களோடு சேர்த்துச் சபிக்கப்பட்ட டார்செட் மட்டும் பிழைக்கிறான். இதனை ஆய்வாளர் மேலும் ஊன்றிக் கவனித்திருக்கலாம். நான்காம் அங்கத்தின் முதற்காட்சியில், ரிச்சர்டு முடிசூடப் போகிறான் என்னும் செய்தி வந்தவுடன், டார்செட்டின் தாயாகிய அரசி எலிசபெத் அவனைக் கடல் கடந்து ரிச்மண்டிடம் ஓடிவிடச் சொல்கிறாள். மார்கரெட்டின் சாபத்துக்குத் தான் முற்றும் அடிமையாகிவிடக் கூடாது என்பதையே அவள் காரணமாகவும் கூறுகிறாள். ஊழை அறிந்த ஒரு பெண் அதனைத் தன் செயலால் ஓரிடத்திலேனும் தடுத்துவிடுகிறாள்.

இதே எலிசபெத்தே நான்காம் காட்சியில், தனக்கும் சபிக்கக் கற்றுத்தருமாறு மார்கரெட்டை வேண்டுகிறாள். அடுத்து வரும் ரிச்சர்டு, பெண்களின் குரலை அமிழ்த்த முரசையும் எக்காளத்தையும் முழங்கச் செய்கிறான். நாடு முழுவதையும் அடக்கியவன் மூதாட்டியான தன் தாயின் பேச்சுக்கு அஞ்சுகிறான்! தாய் சபித்துவிட்டு நீங்கியபின், எலிசபெத்தின் மகளைத் தனக்கு மணமுடித்துத் தருமாறு அவன் கேட்கிறான். அவள் மறுக்கிறாள், வாதிடுகிறாள், எதன்மேல் ஆணையிடுவாய் என வினவி, அவன் சுட்டும் ஒவ்வொன்றையும் அவனே கெடுத்துவிட்டான் எனக் காட்டுகிறாள். இறுதியில் ரிச்சர்டு, தான் பொய்த்தால் தானே அழிக என்று தன்னையே சபித்துக்கொள்கிறான். சபிக்கக் கற்க வந்தவள் வாய் திறந்து சபிக்காமலே அதனைப் பெற்றுவிடுகிறாள்.

அவள் உறுதி ஏதும் அளிக்காமல் நீங்குகிறாள். உள்ளம் நிலையற்ற பெண் என அவளை இகழ்ந்து ரிச்சர்டு மகிழ்கிறான். அடுத்த காட்சியிலேயே, அவள் தன் மகளை ரிச்மண்டுக்கு மணமுடிக்க இசைந்துவிட்டாள் என்னும் செய்தியை ஸ்டேன்லி அனுப்புகிறான். முதல் அங்கத்தில் ஆனை வென்ற அதே நாவன்மை இங்கே தோற்றிருக்கிறது.

எனினும் ஐந்தாம் அங்கத்தில் உயிருள்ள பெண் ஒருத்தியும் மேடைக்கு வருவதில்லை. போருக்கு முந்திய இரவில் தோன்றும் 11 ஆவிகளுள் ஆன் ஒருத்தியே பெண். இரு குடும்பங்களையும் இணைக்கப்போகும் மணமகளான இளைய எலிசபெத்துக்கு நாடகம் முழுவதிலும் ஒரு வசனம்கூட இல்லை. அவளை மணக்கப்போவதாக ரிச்மண்ட் போர்க்களத்தில் அறிவிக்கிறான்.