ஒரே ஷிப்ட், வேறு வேறு கூலி

வர்க்கத்தை மார்க்ஸ் வருமானத்தை வைத்து அளக்கவில்லை. உற்பத்திச் சாதனங்கள் யார் கையில், உழைப்புச் சக்தியை விற்றுப் பிழைப்பவர் யார் என்பதே அவர் கேட்டது. 1848-இல் எங்கெல்ஸுடன் எழுதிய கம்யூனிஸ்ட் அறிக்கை, சமூகம் முதலாளி, பாட்டாளி என இரண்டு முகாம்களாகப் பிரிந்துவருவதாகச் சொன்னது. ஆனால் ‘மூலதனம்’ மூன்றாம் தொகுதியில் வர்க்கங்கள் பற்றிய அத்தியாயம் சில பத்திகளோடு நின்றுபோகிறது. 1894-இல் எங்கெல்ஸ் அதை அப்படியே அச்சிட்டார். பிற்கால மார்க்சியர்களின் வாதம் பலவும் அங்கிருந்தே கிளம்பியது.

திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் இந்த இரண்டு முகாம் கணக்கு எளிதில் ஒத்துவராது. ரோலிங் மில்லில் பழுக்கக் காய்ந்த கம்பியை இடுக்கியால் பிடித்து அடுத்த உருளைக்குள் செலுத்துபவர் பெரும்பாலும் பீகார், ஒடிசா பக்கத்துக் காண்ட்ராக்ட் தொழிலாளி. அதே ஷிப்டில் நிற்கும் பர்மனெண்ட் ஆளுக்குப் போனஸும் சங்கமும் உண்டு; இவருக்குக் கூலியே காண்ட்ராக்டர் கையால்தான். அந்தக் காண்ட்ராக்டருக்கு இயந்திரம் எதுவும் சொந்தமில்லை, ஆனாலும் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் எடுக்கிறார். சூப்பர்வைசரோ சம்பளத்துக்கு உழைத்துக்கொண்டே பிறரிடம் வேலை வாங்குகிறார். சூப்பர்வைசர், மேனேஜர் போன்றோர் நிற்கும் இந்த இடத்தைத்தான் அமெரிக்கச் சமூகவியலாளர் எரிக் ஓலின் ரைட் 1970-களில் ‘முரண்பட்ட வர்க்க நிலை’ என்றார்.

தொழிலாளருக்குள் பர்மனெண்ட், காண்ட்ராக்ட் என விழும் கோட்டில் சட்டத்துக்கும் பங்குண்டு. 24 மாதங்களில் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது தமிழ்நாட்டின் 1981-ஆம் ஆண்டுச் சட்டம். அந்த எண்ணிக்கையைத் தொடுமுன் கணக்கை முடித்துவிட்டு மறுபடி புதிதாகச் சேர்க்கிறார்கள் என்பது தொழிற்சங்கங்களின் நெடுநாள் புகார்.

இங்கே அறிக்கையைவிட, 1867-இல் வந்த ‘மூலதனம்’ முதல் தொகுதிதான் நன்றாகப் பொருந்துகிறது. வேலையற்றோரையும் அரைகுறை வேலைக்காரரையும் ‘சேமப் பட்டாளம்’ என்ற மார்க்ஸ், அதை மூன்றாகப் பிரித்தார். ஆர்டர் குறைந்ததும் வெளியே நிறுத்தப்படும் காண்ட்ராக்ட் ஆட்கள் மிதக்கும் பகுதி. திருவள்ளூரிலும் பீகாரிலும் நிலமில்லாமல் ஆலைப் பக்கம் நகரக் காத்திருக்கும் விவசாயக் கூலிகள் மறைந்திருக்கும் பகுதி. முன்பணம் வாங்கிச் செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் முடங்கிய இருளர் பழங்குடிக் குடும்பங்களைத் தேங்கிய பகுதியில் வைக்கலாம். 1976-இன் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்துக்குப் பின்னும் இம்மாவட்டத்தில் மீட்புகள் நடந்துள்ளன.

அப்படி முடங்கியவர்கள் இருளராக இருப்பதற்கான காரணம் மட்டும் அந்தப் பிரிவினையில் கிடைக்காது. அதற்குச் சாதியைக் கணக்கில் எடுக்க வேண்டும். கும்மிடிப்பூண்டி அகதிகள் முகாமிலிருந்து பெயின்ட் வேலைக்குப் போகும் இலங்கைத் தமிழருக்கோ, கூலியோடு குடியுரிமையும் சேர்ந்த பிரச்சினை.